சாய்வின் கணக்கு: மார்புத் தசைக்கு ஏற்ற பெஞ்ச் பிரஸ் வகைகள்

உடற்பயிற்சிக் கூடங்களில் மிகுதியாகச் செய்யப்படும் பயிற்சி எது என்று கேட்டால், பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைத் தட்டுகள் மாட்டிய கம்பியை மார்புவரை இறக்கி, கைகள் நீளும்வரை மீண்டும் மேலே தள்ளுகின்ற பெஞ்ச் பிரஸ் என்றே பெரும்பாலோர் விடை சொல்வர். அந்தப் பயிற்சியை ஆண்டுக்கணக்கில் விடாது செய்தும் மார்பின் கீழ்ப்பகுதி மட்டும் தடித்து, காறை எலும்புக்குக் கீழே உள்ள மேற்பகுதி பள்ளமாகவே நின்றுவிட்டவர்களையும் அதே கூடங்களில் காண முடிகிறது. இவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. பெஞ்ச் பிரஸ் என்ற ஒரே பெயருக்குள் பலகையின் சாய்வு, கைப்பிடியின் அகலம், கையில் பிடிக்கும் கருவி ஆகியவற்றால் வேறுபட்ட பல பயிற்சிகள் அடங்கியிருக்க, எது எந்தத் தசையிழைக்கு வேலை கொடுக்கிறது என்பதை ஆராயாமல், முதல் நாள் கற்றுக்கொண்ட ஒன்றையே பற்றிக்கொண்டு போவதால்தான் இக்குறை நேர்கிறது. ஆகவே தேர்வின் அடிப்படையை அறிவதற்கு மார்பின் கட்டமைப்பிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

மார்புக்கு வடிவம் தருவது பெருமார்புத்தசை எனப்படும் விசிறி போன்ற தசையாகும். விசிறியின் விரிந்த விளிம்பு உடலின் நடுப்பகுதியைப் பற்றியிருக்க, அதன் குவிந்த முனை தோளுக்குச் சற்றுக் கீழே மேற்கை எலும்பில் ஒரு தட்டையான தசைநாணாகச் சென்று சேர்கிறது. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டிவைக்கும் உறுதியான இழைக்கட்டு. இத்தசையின் மேற்பகுதி காறை எலும்பின் உட்பாதியிலிருந்து தொடங்கிச் சரிவாகக் கீழிறங்கிக் கையை அடைகிறது. நடுப்பகுதி மார்பெலும்பிலிருந்தும் விலா எலும்புகளின் முனைக் குருத்தெலும்புகளிலிருந்தும் புறப்பட்டு ஏறத்தாழக் கிடைமட்டமாகச் செல்கிறது. கீழ்ப்பகுதி வயிற்றுத் தசையின் மேலுறையில் தொடங்கி மேல்நோக்கி ஏறுகிறது. கையை நெருங்கும்போது இவ்விழைகள் ஒன்றின்மேல் ஒன்று முறுக்கிக்கொள்வதால், கீழிருந்து வரும் இழைகள் எலும்பில் எல்லாவற்றுக்கும் மேலான இடத்தில் பற்றுகின்றன. இந்த முறுக்கு நினைவில் நிறுத்தத் தக்கது. பெஞ்ச் பிரஸ்ஸில் நேரும் மிகக் கடுமையான காயத்தின் காரணம் அதிலேதான் இருக்கிறது. பெருமார்புத்தசையின் அடியில் கிடக்கும் சிறுமார்புத்தசை தோள்பட்டை எலும்போடு நின்றுவிடுவது. கையோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லையாதலால், எந்த வகை பெஞ்ச் பிரஸ் என்ற கேள்வியில் அதற்குப் பெரிய பங்கு கிடையாது.

தசையிழை எதுவாயினும் தான் ஓடும் திசையில் மட்டுமே இழுக்க வல்லது. காறை எலும்பிலிருந்து வரும் மேலிழைகள் கையை முன்னோக்கியும் மேல்நோக்கியும் தூக்குகின்றன. நடு இழைகள் பக்கவாட்டில் விரிந்த கையை உடலின் முன்பக்கம் கொண்டுவருகின்றன. கீழிழைகள் உயர்ந்த கையைக் கீழே இழுக்கின்றன. பெஞ்ச் பிரஸ் வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடுகள் அனைத்தும் இவ்விதியிலிருந்தே பிறக்கின்றன. கம்பியின் எடை எப்போதும் தரையை நோக்கியே இழுக்கிறது. அதை எதிர்த்துக் கை எப்போதும் வானத்தை நோக்கியே தள்ளுகிறது. மாறுவது உடலின் கிடப்பு. உடல் மட்டமாகக் கிடந்தால் மேற்கை மார்புக்குச் செங்குத்தான திசையில் எழுகிறது. தலைப்பக்கம் உயர்ந்தால் அதே தள்ளல் உடலின் கணக்கில் தலையை நோக்கிய தள்ளலாகிறது. தலைப்பக்கம் தாழ்ந்தால் இடுப்பை நோக்கிய தள்ளலாகிறது. பலகையின் சாய்வை மாற்றும்போது எந்த இழைகள் முன்னின்று உழைக்க வேண்டும் என்பதே மாறுகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிடுவது நல்லது. மார்பின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியை உள்மார்பு என்று தனியே பெயரிட்டு, அதற்கென்று கைகளை நெருக்கிப் பிடிக்கும் பயிற்சிகளை மணிக்கணக்கில் செய்வோர் பலர். மேல், நடு, கீழ் என்று தசையைப் பிரிப்பதற்கு இழைகளின் திசை வேறுபாடு ஆதாரமாக இருக்கிறது. உள், வெளி என்று பிரிப்பதற்கு அத்தகைய ஆதாரம் இல்லை. மார்பெலும்பில் தொடங்கும் இழை கையை நோக்கியே ஓடுவதால், அதன் உட்பாதியை மட்டும் வளர்ப்பது இயலாது. இரு மார்புகளுக்கும் நடுவே தெரியும் இடைவெளி, தசை எலும்பில் பற்றியுள்ள இடத்தைப் பொறுத்தது; அது பிறப்பிலேயே அமைவது. தசை முழுவதும் தடிக்கும்போது அந்த இடைவெளி ஓரளவு நிரம்பித் தோன்றும், அவ்வளவே.

மட்டப் பலகையில் செய்யும் பெஞ்ச் பிரஸ் எப்படி எல்லாவற்றுக்கும் அளவுகோலாக ஆயிற்று என்பதற்கு அதன் வரலாறு விடை தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலிமை வீரர்கள் தரையில் படுத்தே எடையைத் தள்ளினர். எஸ்தோனியாவில் பிறந்து மற்போரிலும் புகழ்பெற்ற ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் அவ்வாறு ஏறத்தாழ 164 கிலோவைத் தள்ளியது நெடுங்காலம் பேசப்பட்ட சாதனை. தரையில் படுத்தால் முழங்கை நிலத்தில் முட்டிவிடுவதால் மார்புத் தசை முழுமையாக நீள்வதில்லை. பலகையின் மேல் படுக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியபோதுதான் முழங்கை உடலுக்குக் கீழே இறங்க இடம் கிடைத்தது. 1950களில் கனடாவின் டக் ஹெப்பர்ன் 500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 227 கிலோவைப் பலகையில் படுத்துத் தள்ளியதும், 1972இல் சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு தோன்றி, குந்தி எழுதல், தரையிலிருந்து தூக்குதல் ஆகியவற்றோடு பெஞ்ச் பிரஸ்ஸையும் போட்டிப் பிரிவாக்கியதும் இப்பயிற்சியை வலிமையின் உரைகல்லாக நிலைநிறுத்தின.

ஆனால் வலிமைப் போட்டியின் நோக்கமும் மார்பை வளர்ப்பவரின் நோக்கமும் ஓரிடத்தில் பிரிகின்றன. போட்டியில் வெல்ல வேண்டியவர் மிகுந்த எடையை மிகக் குறைந்த தொலைவுக்கு நகர்த்தினால் போதும். எனவே அவர் முதுகை வில்லாக வளைத்து மார்பை உயர்த்துகிறார். விதி அனுமதிக்கும் 81 சென்டிமீட்டர் எல்லைவரை கைகளை அகற்றிப் பிடிக்கிறார். இவ்விரண்டாலும் கம்பி பயணிக்க வேண்டிய தூரம் சுருங்கிவிடுகிறது. சிலரிடம் அது சில விரற்கடை அளவுக்குக் குறைந்துபோனதால், 2023ஆம் ஆண்டு முதல் முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்கியாக வேண்டும் என்று கூட்டமைப்பு விதியையே மாற்றியது. போட்டியாளருக்கு அந்த வளைவு ஒரு நுட்பம். மார்பு வளர வேண்டும் என்று விரும்புபவருக்கோ அது இழப்பு. தசை முழுமையாக நீண்டு முழுமையாகச் சுருங்க வேண்டிய இடத்தில் பாதி வேலையே நடக்கிறது. அதோடு முதுகு வளையும்போது நெஞ்சுக்கூடு தலைப்பக்கம் சரிவதால், மட்டப் பலகையே கீழ்ச்சாய்வுப் பலகைபோல் ஆகிவிடுகிறது. காறை எலும்பின் கீழ் மார்பு வெறுமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டின் ஊர்தோறும் நடைபெறும் ஆணழகன் போட்டிகளில் மேடையேறுபவரிடம் நடுவர்கள் எத்தனை கிலோ தூக்குகிறார் என்று கேட்பதில்லை. தசையின் நிறைவையும் சமநிலையையும்தான் பார்க்கிறார்கள். அந்த நிறைவை விரும்புவோர் போட்டி வீரரின் உத்திகளை அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

இதனால் மட்டப் பெஞ்ச் பிரஸ்ஸைத் தள்ளிவிட வேண்டும் என்று கொள்ளலாகாது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து, இயல்பான அளவு மட்டும் முதுகை உயர்த்தி, பாதங்களைத் தரையில் ஊன்றி, கம்பியை மார்பைத் தொடும்வரை நிதானமாக இறக்கினால், நடு இழைகளுக்கு இதைவிடப் பெரிய சுமையை ஏற்றிக் கொடுக்கும் பயிற்சி அரிது. எடையைச் சிறுகச் சிறுக, 2.5 கிலோ கணக்கில் கூட்டிக்கொண்டே போக முடிவதும் கம்பிக்கே உரிய வசதி. அதற்குரிய இடம் உண்டு. எல்லா இடமும் அதற்கே உரியது என்பதே பிழை.

மேல்மார்புக்கு உரியது இன்கிளைன் எனப்படும் மேற்சாய்வுப் பலகை. இதில் எத்தனை பாகை சாய்வு என்பதே முதன்மையான கேள்வி. சாய்வு கூடக் கூட மேலிழைகளின் பங்கு கூடும். ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு அப்பங்கைத் தோளின் முன்புறத் தசை பிடுங்கிக்கொள்ளும். பலகை நிமிர்ந்து 90 பாகையை எட்டினால் அது தோளுக்கான பயிற்சியாகவே ஆகிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தசை வேலை செய்யும்போது எழும் மெல்லிய மின்னோட்டத்தைத் தோலின்மேல் ஒட்டிய மின்முனைகளால் அளக்கும் முறை ஒன்று உண்டு. அம்முறையில் 0, 15, 30, 45, 60 பாகைச் சாய்வுகளை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வொன்றில், மேலிழைகள் 30 பாகையில் மிகுதியாகவும், தோளின் முன்தசை 60 பாகையில் மிகுதியாகவும் உழைத்தமை பதிவாயிற்று. இத்தகைய அளவீடு ஒரு நாளைய உழைப்பைக் காட்டுமே தவிர, மாதக்கணக்கில் வளரும் தசையைக் காட்டாது என்று கூறுவோர் உண்டு. அது நியாயமான ஐயமும்கூட. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு அந்த ஐயத்துக்கு ஓரளவு விடை தருகிறது. பயிற்சிக்குப் புதிய இளைஞர்களில் ஒரு சாராரை மட்டப் பலகையிலும் மற்றொரு சாராரை மேற்சாய்விலும் எட்டு வாரம் பயிற்றுவித்துத் தசையின் தடிப்பை ஒலி அலைகளால் அளந்தபோது, மேல்மார்பின் தடிப்பு மேற்சாய்வில் பயின்றோரிடமே கூடுதலாக வளர்ந்திருந்தது.

ஆயினும் பல கூடங்களில் நிலையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும் மேற்சாய்வுப் பலகைகள் 45 பாகை அளவிலோ அதற்கும் மேலோ அமைந்திருக்கின்றன. அவற்றில் பயிலுவோர் தோள் சோர்ந்து நிறுத்திவிட்டு, மேற்சாய்வு தமக்குப் பயன்படவில்லை என்று முடிவுகட்டிவிடுகின்றனர். சாய்வை மாற்றக்கூடிய பலகை இருந்தால், மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு படி மட்டும் உயர்த்தி, 15 முதல் 30 பாகைக்குள் நிறுத்துவது மிகப் பொருத்தமானது. அத்தகைய பலகை இல்லாத இடத்தில் மட்டப் பலகையின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே எடைத் தட்டுகளை அடுக்கிச் சாய்வை உண்டாக்கும் வழக்கமும் இருக்கிறது. பலகை ஆடாமல் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அதில் படுக்க வேண்டும். மேற்சாய்வில் கம்பி தொட வேண்டிய இடமும் மாறுகிறது: மட்டப் பலகையில் மார்பின் கீழ்ப்பாதியைத் தொடும் கம்பி, இங்கே மேல்மார்பை நோக்கி இறங்க வேண்டும். இப்பலகையில் முதுகை மிகுதியாக வளைத்தால் உண்டாக்கிய சாய்வு முழுவதும் வீணாகிவிடும். மட்டப் பலகையில் தள்ளும் எடையை இங்கே தள்ள முடியாது என்பதும் உண்மை. அந்தக் குறைவைக் கண்டு கூசுவோரே பெரும்பாலும் இப்பயிற்சியைக் கைவிடுகின்றனர். மேல்மார்பு வளர வேண்டுமானால் அந்தக் கூச்சத்தை விட்டொழிக்க வேண்டும்.

கருவியைப் பற்றிய கேள்வி அடுத்தது. நீண்ட கம்பியில் இரு கைகளும் ஒரே இரும்பைப் பற்றியிருப்பதால், கைகள் மேலே செல்லும்போது ஒன்றையொன்று நெருங்க இயலாது. மேலும் கம்பி மார்பைத் தொட்டதும் இறக்கம் நின்றுவிடுகிறது. கைக்கு ஒன்றாகத் தனித்தனியே பிடிக்கும் டம்பெல்லில் இவ்விரு தடைகளும் இல்லை. முழங்கை மார்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கித் தசை நன்கு நீள்கிறது. மேலே செல்கையில் கைகள் உள்நோக்கி வளைந்து சேர்கின்றன. எடை நிறைந்திருக்கும்போது தசை நீண்ட நிலையில் பெறும் இழுவிசை வளர்ச்சியைத் தூண்டுவதில் பெரும் பங்கு வகிக்கிறது என்பதற்கு அண்மைக்கால ஆய்வுகள் பல வலுச் சேர்க்கின்றன. இதற்கு மாறாக, டம்பெல்களை உச்சியில் ஒன்றோடொன்று மோதுவதால் கூடுதல் பயன் ஏதும் இல்லை. அந்நிலையில் எடை தோளுக்கு நேர்மேலே நின்று எலும்பின் வழியே இறங்கிவிடுவதால் மார்புத் தசைக்குச் சுமையே குறைவு.

டம்பெல்லில் இன்னொரு நன்மை மறைந்திருக்கிறது. கம்பியைப் பிடிக்கும் கைகள் தம்மை அறியாமலே அதை வெளிப்புறமாகவும் தள்ளுகின்றன. இரும்பு அசையாது என்பதால் அந்த வெளித்தள்ளல், மேற்கையின் பின்புறம் உள்ள முத்தலைத் தசை வேலையில் பங்கெடுக்க வழி செய்கிறது. டம்பெல்லை வெளிப்புறமாகத் தள்ளினால் கை விரிந்து போய்விடுமாதலால் முத்தலைத் தசையின் பங்கு குறைகிறது. நார்வேயில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கம்பியில் தூக்கிய எடையைவிட டம்பெல்களில் 17 விழுக்காடு குறைவாகவே தூக்க முடிந்தது; முத்தலைத் தசையின் உழைப்பும் குறைந்தது; ஆனால் பெருமார்புத்தசையின் உழைப்பில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. குறைந்த எடையில் மார்புக்கு அதே வேலை கிடைக்கிறது என்றால், மூட்டுகளின் நலம் கருதியும் டம்பெல்லுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஒரு கை மற்றதைவிட வலுக்குறைந்திருந்தால் கம்பியில் அது மறைந்துபோகும். டம்பெல்லில் மறைக்க முடியாது. மிகக் கனமான டம்பெல்களைத் தொடையிலிருந்து உதைத்து மேலே கொண்டுவருவதும் முடித்தபின் பாதுகாப்பாக இறக்குவதும் கடினம் என்பதுதான் இதன் குறை.

பிடியின் அகலமும் முழங்கையின் கோணமும் சாய்வுக்கு அடுத்த நிலையில் கவனிக்கத் தக்கவை. இரு தோள்களின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளியில் பிடிப்பது பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. கம்பி மார்பில் இருக்கும்போது முன்கை இரண்டும் நிலத்துக்குச் செங்குத்தாக நின்றால் பிடி சரியாக உள்ளது என்று கொள்ளலாம். அதைவிட அகன்றால் தோள்மூட்டின் மேல் சுமை ஏறுகிறது. குறுகினால் வேலை முத்தலைத் தசைக்கு மாறுகிறது. முழங்கைகளை உடலுக்கு நேர்ச்செங்கோணத்தில் விரித்து இறக்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், அது தோள்மூட்டின் உள்ளே மென்திசுக்களை நசுக்கக்கூடியது. உடலோடு 45 முதல் 70 பாகைக்குள் முழங்கையை வைத்திருப்பது மார்பையும் கைவிடாமல் தோளையும் காக்கும் நடுவழி. கம்பி செல்லும் பாதையும் நேர்க்கோடாக இருப்பதில்லை. மார்பின் கீழ்ப்பாதியிலிருந்து கிளம்பிச் சற்றே தலையை நோக்கிச் சரிந்து, தோளுக்கு நேர்மேலே முடிவதே தேர்ந்தவர்களின் பாதை.

மீதமுள்ள வகைகளைச் சுருக்கமாகவே மதிப்பிடலாம். டிக்ளைன் எனப்படும் கீழ்ச்சாய்வுப் பலகை கீழிழைகளுக்கு வேலை கொடுப்பது உண்மை. எனினும் மட்டப் பெஞ்ச் பிரஸ்ஸும் இணைச்சட்டங்களில் முன்சாய்ந்து செய்யும் டிப்ஸும் அதே வேலையைச் செய்துவிடுவதால், பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. தலை தாழ்ந்த நிலையில் மூச்சடக்கித் தள்ளும்போது தலையிலும் கண்ணிலும் அழுத்தம் கூடுமாதலால், உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே முறை. கைகளை நெருக்கிப் பிடிக்கும் வகை முத்தலைத் தசைக்கு நல்லது. மார்புக்கு அது துணைப் பயிற்சி மட்டுமே. உள்ளங்கை முகத்தை நோக்கும்படி திருப்பிப் பிடிக்கும் வகையில் மேலிழைகள் கூடுதலாக உழைப்பதற்குச் சான்று இருந்தாலும், கம்பி கையிலிருந்து நழுவும் அபாயம் பெரிது என்பதால் துணைக்கு ஆள் இன்றி அதைத் தொடக்கூடாது. அமெரிக்கப் பயிற்றுநர் வின்ஸ் ஜிரோண்டா, மட்டப் பெஞ்ச் பிரஸ் மார்பின் வடிவத்தைக் கெடுக்கிறது என்று வாதிட்டு, கைகளை அகற்றிக் கம்பியைக் கழுத்தை நோக்கி இறக்கும் முறையைப் பரப்பினார். அவருடைய குறை காணல் பாதி சரியானது. அவர் தந்த மருந்தோ தோள்மூட்டுக்கும் உயிருக்கும் ஆபத்தானது. இரும்புத் தண்டவாளங்களில் கம்பி ஓடும் ஸ்மித் மெஷின், கம்பியைச் சமநிலைப்படுத்தும் வேலையை நீக்கிவிடுவதால், களைத்த பின் செய்யும் இறுதிப் பயிற்சிக்கு ஏற்றது.

பெஞ்சே இல்லாதவர்களுக்கும் இதே இயக்கம் தண்டாலில் இருக்கிறது. சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளின்மேல் விழுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 40 கிலோவைப் பெஞ்சில் தள்ளுவதற்கு ஒப்பு. பலகை முதுகை அழுத்திப் பிடிப்பதால் பெஞ்ச் பிரஸ்ஸில் தோள்பட்டை எலும்புகள் அசையாமல் கட்டுண்டு கிடக்கின்றன. தண்டாலில் அவை விலாவின்மேல் தடையின்றி நகர்வதால், தோளுக்கு இணக்கமான பயிற்சி என்ற வகையில் தண்டாலே மேலானது. கால்களை உயரமான திண்ணையிலோ நாற்காலியிலோ வைத்தால் தள்ளும் திசை தலையை நோக்கித் திரும்பி, மேற்சாய்வுப் பலகையின் வேலை நடக்கிறது. கைகளை உயரத்தில் ஊன்றினால் கீழ்ச்சாய்வின் வேலை நடக்கிறது. இரு கைகளுக்கும் கீழே செங்கற்களையோ தண்டால் கட்டைகளையோ வைத்து மார்பை அவற்றுக்கு நடுவே இறக்கினால், டம்பெல்லில் கிடைக்கும் நீட்சியும் கிடைக்கும். பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் கற்பிக்கப்பட்ட இவ்வகைகளைத் தொடக்கநிலைப் பயிற்சி என்று ஒதுக்குவது அறியாமை. சுமை போதாமல் போகும்போதுதான், அதாவது ஒரே மூச்சில் முப்பதுக்கும் மேல் எளிதாகச் செய்ய முடியும்போதுதான், கம்பியை நாடும் தேவை எழுகிறது.

வகைகளைத் தேர்ந்த பின் அவற்றை வாரத்தில் அடுக்குவது எப்படி என்பதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. ஒருமுறை இறக்கி ஏற்றுவதை ரெப் என்றும், இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுதியைச் செட் என்றும் கூடங்களில் அழைப்பர். வாரத்துக்கு மார்புக்கென்று பத்து செட் அளவில் செய்வது பெரும்பாலோருக்கு நல்ல வளர்ச்சியைத் தருகிறது. அதை ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதைவிட இரண்டு நாள்களாகப் பிரித்தால் ஒவ்வொரு செட்டும் தரமாக அமையும். எடை கனமாக இருந்து ஆறு ரெப்பில் முடிந்தாலும், இலகுவாக இருந்து இருபதில் முடிந்தாலும், இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் இயலும் என்ற நிலைவரை சென்றால் தசை வளர்ச்சியில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி. உடல் களைப்பின்றி இருக்கும்போது முதலில் செய்யும் பயிற்சியே மிகுந்த பயனைப் பெறுகிறது. எனவே மேல்மார்பு பின்தங்கியவர் முதல் நாளில் 30 பாகைக் கம்பிப் பயிற்சியை நான்கு செட்டும், தொடர்ந்து மட்டப் பலகையில் டம்பெல்லை மூன்று செட்டும் செய்து, மூன்று நாள் கழித்து வரும் இரண்டாம் நாளில் குறைந்த சாய்வில் டம்பெல்லோடு தொடங்கி, மட்டக் கம்பியை அதன்பின் வைத்துக்கொள்ளலாம். மட்டப் பெஞ்ச் பிரஸ்ஸை எப்போதும் முதலில் வைத்துவிட்டு, எஞ்சிய சோர்வோடு மேற்சாய்வுக்குச் செல்லும் வழக்கமே மாற வேண்டியது. தேர்ந்த இரண்டு மூன்று வகைகளை வாரந்தோறும் மாற்றிக்கொண்டே இருக்காமல், இரண்டு மூன்று மாதமாவது நிலையாகப் பற்றி, எடையோ ரெப்போ சிறிதளவாவது கூடுகிறதா என்று குறித்துவைத்துப் பார்க்க வேண்டும். தள்ளும் பயிற்சிக்கு இணையான அளவு முதுகுக்கான இழுக்கும் பயிற்சியும் இருந்தால்தான் தோள்கள் முன்னால் கூனிவிடாமல் இருக்கும்.

பெண்கள் பெஞ்ச் பிரஸ் செய்தால் மார்பகம் சுருங்கும் என்றும், தடித்த உடலமைப்பு வந்துவிடும் என்றும் எழும் அச்சங்கள் ஆதாரமற்றவை; பெருமார்புத்தசை மார்பகத்துக்கு அடியில் கிடப்பது, அதன் உறுதி தோள்களின் நிமிர்வுக்கு உதவுவது. ஆண்களில் சிலருக்கு மார்பின் கீழ்ப்பகுதி தொங்கித் தெரிவது கொழுப்பினாலோ, சுரப்பித் திசு பெருத்ததாலோ இருக்கலாம். முன்னதற்கு உணவுக் கட்டுப்பாடும் பின்னதற்கு மருத்துவரின் ஆலோசனையும்தான் வழி; எந்தச் சாய்வில் செய்யும் பெஞ்ச் பிரஸ்ஸும் அவற்றைக் கரைக்காது. தசை வளர வேண்டுமானால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் தேவைப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 கிராம். இட்லியும் சோறுமாகக் கழியும் நாளில் அந்த அளவு தானாக வந்து சேராது. முட்டை, மீன், பால், தயிர், சுண்டல், பயறு ஆகியவற்றைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

முன்னர்க் குறிப்பிட்ட இழை முறுக்குக்கு இப்போது வரலாம். கம்பி மார்பைத் தொடும் கடைசி நொடியில், முறுக்கின் காரணமாகக் கீழிழைகள் மற்றவற்றைவிட அளவு மீறி நீள்கின்றன. தாங்க முடியாத எடையை அகன்ற பிடியில் வேகமாக இறக்கும்போது அவை எலும்பிலிருந்து அறுந்துவிடக்கூடும். பெருமார்புத்தசைநாண் அறுவதற்குப் பெஞ்ச் பிரஸ்ஸே முதன்மையான காரணம் என்பது மருத்துவ இதழ்களில் நெடுங்காலமாகப் பதிவாகிவரும் செய்தி. அக்குளின் முன்மடிப்பு மறைந்து, மேற்கையில் நீலம் பாய்ந்து, கிழிந்தது போன்ற உணர்வு ஏற்பட்டால், தசைப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படுமாயின் அது தாமதமின்றி நடந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

இதைவிடக் கொடியது தனியே பயிலும்போது கம்பி கழுத்திலோ மார்பிலோ விழுவது. கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கும் பழக்கத்தால் உயிரிழந்தோர் உண்டு. ஆகவே கட்டைவிரல் எப்போதும் கம்பியைச் சுற்றியிருக்கட்டும். துணைக்கு ஆள் நிற்கும்போது மட்டுமே பயில்பவர் இயலாமையின் எல்லைவரை செல்லட்டும். தனியே பயில நேர்ந்தால், மார்பின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பாதுகாப்புக் கம்பிகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அவையும் இல்லையென்றால் எடைத் தட்டுகளைப் பூட்டும் பிடிகளை மாட்டாமல் விட வேண்டும், அப்போதுதான் கம்பியைச் சாய்த்துத் தட்டுகளை ஒரு பக்கமாகச் சரியவிட்டு வெளியேற முடியும். இவை எதற்கும் வசதியில்லாத கூடத்தில் பயிலுவோர் அன்றைக்குக் கம்பியை விட்டுவிட்டு, 30 பாகைச் சாய்வில் இரண்டு டம்பெல்களை எடுத்துக்கொள்ளட்டும். ஆள் துணையின்றிச் செய்வதற்கும் மேல்மார்பு நிறைவதற்கும் அதைவிடப் பொருத்தமான வகை வேறில்லை.